இரும்புச் சதவீதம்

சாமல்பட்டி ரயில்வே கேட்டைத் தாண்டி
கல்மாவு மில்லுக்குப் பின்னால் என் ஆய்வகம்:
ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு சின்ன உலை,
சாம்பிள் டப்பாக்கள்.
ஆறரைக்கே வந்து நிற்கிறது முனிரத்தினத்தின் லாரி.
பத்து டன். பெல்ஸ்பார் என்கிறது ரசீது.
நான் கல்லையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுவேன்.

சுத்தியலால் ஒரு தட்டு.
வெங்கச்சங்கல் என்றால் கண்டபடி உடையும்,
சோடா பாட்டில் சில்லு போல வளைந்து வளைந்து.
இது அப்படியில்லை.
எங்கே பிளக்க வேண்டும் என்று
உள்ளுக்குள் முன்னமே கோடு கிழித்து வைத்திருக்கிறது.
ஒரு பக்கம் பிளந்தால்
அடுத்த பக்கம் செங்கோணத்துக்கு மிகக் கிட்டத்தில்.
புது முகத்தில் வெயில் பட்டதும்
சட்டைப் பொத்தான் மினுக்கு.

பிறகு பேனாக்கத்தி.
அழுத்தி இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
விரலால் துடைத்தால் போய்விடுகிறது.
கல்லுக்கு ஒன்றுமில்லை,
தேய்ந்தது கத்தி.
வெங்கச்சங்கல்லால் கீறினேன்,
இந்தக் கோடு துடைத்தும் போகவில்லை.
கத்தியைவிடக் கடினம், படிகத்தைவிட மெத்து.
ஆறு என்று எழுதினேன்.

ஊத்தங்கரையில் மூன்று வருஷம் வேதியியல் படித்தேன்.
மறக்காதது ஒரு படம்தான்:
ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நாலு ஆக்சிஜன்,
ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு வீட்டுக்குப் பொது.
நாலு வீட்டில் ஒன்றில்
சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் குடியிருக்கும்.
அதற்கு ஒரு மின்சுமை குறைச்சல்.
அந்தக் கடனைக் கட்டத்தான்
சந்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது பொட்டாசியம்.
இரும்புக்கு இந்தப் படத்தில் இடமே கிடையாது.
தூசியாக உள்ளே புகுந்து
கல்லை ரோஜா நிறமாக்குவதோடு சரி.

"எவ்ளோ அழகா கீது பாருங்க மேடம்,
கலரு?"
"அதான்ணா பிரச்சினை."

அரைத்து, பொத்தானாக அழுத்தி, உலையில் வைத்தேன்.
ஆயிரத்து இருநூறு தாண்டி
கல் தன் கோடுகளையெல்லாம் மறந்து
பால்கண்ணாடியாக உருண்டு வந்தது,
மேலே எள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகளோடு.
டைல்ஸ் கம்பெனிக்காரன் தாங்குவது
புள்ளி ஒன்று சதவீதம்.
இதில் புள்ளி மூன்று ஒன்று.
திருப்பி அனுப்பினேன்.
டீசல் காசு யார் தருவார் என்று
அவர் கேட்டது என்னையா கல்லையா தெரியவில்லை.

சாயந்திரம் ஆரம்ப சுகாதார நிலையம்.
ஷமீம் சிஸ்டர் விரலில் குத்தி
ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து
நெற்றியைச் சுருக்கினார்.
"ஏழு புள்ளி ஒன்பது. எப்படிம்மா நடமாடறே?
இரும்பே இல்ல உன் ஒடம்புல."
பஸ்ஸில் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.
"அரிசி, சாம்பல், மண்ணு ஏதாச்சும் தின்றியா?"
"இல்ல சிஸ்டர்."

பொய்.

மலைச்சரிவில் வெளியே கிடக்கும் பெல்ஸ்பார்
எத்தனையோ ஆயிரம் மழைக்கு நனைகிறது.
மழையில் கரைந்த காற்றின் மெல்லிய புளிப்பு
முதலில் பொட்டாசியத்தைக் கழற்றுகிறது,
அது கீழே நிலக்கடலைக்குப் போய்ச் சேரும்.
சிலிக்காவில் கொஞ்சமும் கூடவே கிளம்பிவிடும்.
மிச்சம் வெள்ளைக் களி,
நகத்தில் வழியும் மெத்து.
அது களிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு:
நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.
விட மனசில்லாதது போல
இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பதினாலாம் நம்பர் சாம்பிளை
இந்த வாரம் நான் சோதிப்பது ஒன்பதாவது முறை.
முதல் மழை விழுந்த தரையின் வாசனை
பல்லுக்கிடையில் நறநறவென்று.

சிவப்பு மாத்திரை முப்பது, கைப்பையில்.
சாப்பாட்டுக்குப் பிறகு, டீயோடு கூடாது.
காலையில் பதிவேட்டைத் திறந்து
எடைக் கட்டத்தை நிரப்பினேன்.
வந்தது இருநூறு கிராம்.
இருப்பது நூற்று அறுபத்தொன்று.
குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்து,
'பரிசோதனை' என்று எழுதி
சின்னக் கையெழுத்து போட்டேன்.